குண்டு துளைத்த நெஞ்சோடு: மேஜர் இராமசாமி பரமேஸ்வரன்



படிப்பிற்காகவும் பணிக்காகவும் விருத்தாசலத்தில் ரயிலேறிச் சென்னை செல்லும் நம் பிள்ளைகளுள் சிலர், சாலிகிராமம் ஆற்காடு சாலையில் ‘பரமேஸ்வரன் விஹார்’ என்னும் இராணுவக் குடியிருப்பைக் கண்டிருக்கக்கூடும். அப்பெயருக்கு உரியவர் யார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1983 ஜூலைக் கலவரத்தைத் தொடர்ந்து இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. 29.7.1987 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, ஆயுத ஒப்படைப்பு முறிந்து போனமையால், அக்டோபர் மாதத்திலேயே விடுதலைப் புலிகளுடன் போரிடும் நிலைக்குத் தள்ளப்பட்டது.

அப்படையில் மகார் ரெஜிமெண்டின் 8-ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர் மேஜர் பரமேஸ்வரன். 13.9.1946-இல் பம்பாயில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்து, 1972-இல் இராணுவ அதிகாரியானவர்.

25.11.1987 நள்ளிரவு நேரம். தேடுதல் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அவரது அணியின்மீது மறைந்திருந்தோர் திடீரெனச் சுட்டனர். அவர் நிலைகுலையவில்லை. வீரர்களுடன் சுற்றிச் சென்று, எதிரிகளைப் பின்புறமாக வளைத்துத் தாக்கினார். கைகலப்பில் ஒருவர் சுட்ட குண்டு அவர் மார்பில் பாய்ந்தது. அந்நிலையிலும் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து, அதனாலேயே அவரை வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐவர் மாண்டனர், முற்றுகை முறியடிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 41.

நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம் வீர் சக்ரா, மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. அமைதிப் படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. தமிழ் மண்ணில், தமிழர் கையால் ஒரு தமிழர் மாண்டார். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அதே 1987 அக்டோபரில், இந்தியப் படையினர் நுழைந்த யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். 1990-இல் படை திரும்பிய பின்னர், அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் நூற்றுவருக்கும் மேல் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் புலிகளால் வீடு வாசலிழந்து வெளியேற்றப்பட்டனர். 2009 வரை நீடித்த அப்போர் எந்தச் சமூகத்தையும் விட்டுவைக்கவில்லை.

ஆகவே, ஒரு வீரரின் நெஞ்சுரத்தைப் போற்றுதல் போரைப் போற்றுதல் ஆகாது. தம்மை நம்பி வந்தவர்களை இறுதி மூச்சிலும் கைவிடாத அந்தக் கடமையுணர்வே நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமாகும்.