நா கட்டிய மணியும் நான்கு டீசல் எஞ்சினும்

எங்கள் சபையின் மலர்க்குழுவினர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, "ஐயா, நாம் தினமும் போய்வரும் தடத்தின் பழங்கதையை இந்த ஆண்டு நீங்கள்தான் எழுதவேண்டும்" என்றார்கள். இலக்கணம் நடத்துகிறவனிடம் ரயிலைக் கேட்கிறார்களே என்று தயங்கினேன். கேட்டவர்கள் இளையவர்கள்தான், ஆனாலும் சபையின் சார்பில் கேட்டபின் மறுப்பது முறையாகாது. டப்ளின் வாழ் தமிழருக்கு லுவாஸ் டிராமின் பச்சைத் தடத்தை நான் விளக்கவேண்டியதில்லை. சாண்டிஃபோர்டிலிருந்து குழந்தைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்து வருவதே அதில்தான். அதன் அடியில் புதைந்து கிடக்கும் ரயில்பாதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹார்கோர்ட் தெருவிலிருந்து பிரே வரை ஏறக்குறைய 12 மைல். 1854-இல் திறந்த பாதை. தண்டவாள இடைவெளி 5 அடி 3 அங்குலம். நம் நாட்டு அகலப்பாதையைவிட மூன்று அங்குலம் குறைவு. தெருவை ஒட்டி வரிசைத் தூண்களோடு இன்றும் கம்பீரமாக நிற்கும் நிலையக் கட்டடம் 1859-இல் ஜார்ஜ் வில்கின்சன் எழுப்பியது. முகப்பு அரண்மனை போல இருக்கும், உள்ளே பிளாட்பாரமோ ஒன்றே ஒன்று. தெரு மட்டத்துக்கு மேலே, உயர்த்திக் கட்டிய அடித்தளத்தின் மீது தண்டவாளம் முட்டுச்சந்தாக முடியும். வந்த நீராவி எஞ்சினைக் கழற்றித் திருப்பி மறுமுனையில் மாட்டினால்தான் வண்டி புறப்பட முடியும். 1900 பிப்ரவரி 14 அன்று கால்நடை ஏற்றி வந்த ரயில் ஒன்று நிற்காமல் போய், அதன் எஞ்சின் நிலையத்தின் கடைச்சுவரை உடைத்துக்கொண்டு ஹாட்ச் தெருவுக்கு மேலே தொங்கியது. ஓட்டுநர் உயிர் பிழைத்தார். ஒரு கை போயிற்று. அந்த நிழற்படத்தைப் பார்க்காத ரயில் பிரியர் இந்நகரில் இருக்கமாட்டார்.

ஓசையில்லாத் தேர்

சுவரையே உடைத்த அந்த ஓசையை எண்ணும்போது என் மனம் அகநானூற்றின் நான்காம் பாடலுக்குப் போகிறது. குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. கார்காலம் வந்துவிட்டது, வினைமுடித்த தலைவன் தேரில் விரைந்து வருகிறான். வழியெல்லாம் பூத்த சோலை. பூக்களில் தாது உண்டபடி துணையோடு இருக்கும் வண்டினம். தேர்மணி ஒலித்தால் அவை வெருண்டுவிடுமே என்று அஞ்சி, மணியின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறானாம். காதலியை நோக்கிப் பறக்கும் அவசரத்திலும் ஒரு வண்டின் இன்பத்தைக் கெடுக்காத நெஞ்சு அது. நாற்பது ஆண்டுகளாக இப்பாட்டைப் பாடம் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் குரல் தழுதழுக்கிறது. வேகத்துக்கு ஓசை தேவையில்லை என்று ஈராயிரம் ஆண்டுக்கு முன் எண்ணிப் பார்த்த மொழி நம்முடையது.

நா கட்டிய தேர் ஒன்று இந்தத் தடத்திலும் ஓடியது. ஜேம்ஸ் டிரம் என்ற வேதியியல் அறிஞர் (டண்ட்ரம் என்ற ஊரில் பிறந்தவர், ஆனால் அது நம் தடத்தில் உள்ள டண்ட்ரம் அன்று, வடக்கே கவுண்டி டவுனில் உள்ளது) நிக்கலும் துத்தநாகமும் கொண்டு ஒரு மின்கலம் செய்தார். அதைச் சுமந்த ரயில்கள் 1932 முதல் 1949 வரை பிரேக்குப் போகும் தடங்களில் ஓடின. இரண்டாம் உலகப் போரில் நிலக்கரி வராமல் நீராவி வண்டிகள் முடங்கியபோது, ஷானன் நதி நீர்மின்சாரத்தைக் குடித்து ஓடியவை இவைதாம். பெட்டிகள் இரண்டிரண்டாகக் கோத்த நான்கு தொடர்களே செய்யப்பட்டன. மின்கலங்கள் முதுமை அடைந்ததும் அவற்றை எடுத்துவிட்டு, பிற எஞ்சின்கள் இழுக்கும் சாதாரணப் பெட்டிகளாக்கினார்கள்.

டீசல் வந்தது

அடுத்து வந்தது ஓசையுள்ள தேர். அயர்லாந்தின் போக்குவரத்துக் கழகமான சி.ஐ.இ., லண்டன் பேருந்துகளால் பெயர்பெற்ற ஏ.இ.சி. நிறுவனத்திடம் 60 டீசல் ரயில்கார்களை வாங்கியது. 1952 முதல் அவை ஓடத் தொடங்கின. ஒவ்வொரு விசைப்பெட்டியின் தரைக்குக் கீழும் தலா 125 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின்கள். முன்னும் பின்னும் ஒவ்வொரு விசைப்பெட்டி, நடுவில் எஞ்சினில்லாப் பெட்டிகள். ஆக ஒரு வண்டிக்கு நான்கு எஞ்சின்கள். நான்கையும் ஆள ஓட்டுநர் ஒருவரே போதும். எஞ்சினின் விசை சக்கரத்துக்கு நேரே போகாது. ஃப்ளூயிட் ஃப்ளைவீல் என்னும் எண்ணெய் நிரம்பிய கிண்ணத்தின் வழியே கியர்பாக்ஸுக்குப் போகும். அதனால் வண்டி வெடுக்கென்று இழுக்காமல் புறப்படும்.

ஹார்கோர்ட் தெருவின் ஒற்றைப் பிளாட்பாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறு கிடையாது என்பது என் எண்ணம். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருந்ததால் எஞ்சினைக் கழற்றும் வேலையே ஒழிந்தது; ஓட்டுநர் இறங்கி மறுகோடிக்கு நடந்தால் போதும், வண்டி தயார். கரியில்லை, தண்ணீர் பிடிக்கும் வேலையில்லை. வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் ஆராயச் சொன்ன ஐந்தில் கருவி இங்கே சரியாக அமைந்தது. தவறியது காலம்.

ஏனெனில் கார்களும் பேருந்துகளும் அதற்குள் மக்களைப் பிடித்துவிட்டன. 1957-இல் பெடி குழு, நாட்டின் ரயில்பாதைகளைப் பெரிதும் குறைக்கப் பரிந்துரைத்தது. 1958-இன் போக்குவரத்துச் சட்டம், பாதைகளை மூடும் அதிகாரத்தைக் கழகத்தின் கையிலேயே கொடுத்தது. அவ்வாண்டு தலைவராக வந்த டாட் ஆண்ட்ரூஸ் தயங்கவில்லை. 1958 டிசம்பர் 31 அன்று கடைசி வண்டி போயிற்று. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், நிலையத்தை விற்றார்கள். பேருந்தின் எஞ்சின் ரயிலுக்கு வந்தது. ரயிலின் பயணி பேருந்துக்குப் போனான். டீசல் இப்படி இருபக்கமும் விளையாடிய கதை இத்தடத்தைப் போல வேறெங்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

இப்பாதையை ஒட்டிய ஃபாக்ஸ்ராக்கில் 1906-இல் பிறந்த எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டை விட்டுவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். 'ஆல் தட் ஃபால்' என்ற அவருடைய வானொலி நாடகத்தில் வரும் நிலையம் ஃபாக்ஸ்ராக்கின் சாயலே. பி.பி.சி. அதை ஒலிபரப்பியது 1957 ஜனவரியில், பாதை மூடுவதற்கு இரண்டே ஆண்டு முன்னர். தடத்தில் அப்போது டீசல்; நாடகத்தில் கேட்பதோ நீராவியின் மூச்சு. தலைப்பு விவிலியத்தின் 145-ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. வீழ்வோர் யாவரையும் இறைவன் தாங்குகிறான் என்பது அதன் கருத்து. நாடகத்தில் வரும் முதிய தம்பதியர் அதைக் கேட்டுச் சிரித்துவிடுகிறார்கள். திருமுறை படித்து வளர்ந்த எனக்கு அந்தச் சிரிப்பு முதலில் உறுத்தியது. அடியார்கள் இறைவனைக் கேலிபேசிப் பாடிய பதிகங்களை நினைத்தபின் அது அடங்கியது.

இளைஞர்களே, பிள்ளைகளை டிராமில் வெறுமனே அழைத்துப் போகாதீர்கள். மில்டவுனில் ஒன்பது வளைவுப் பாலம் கடக்கும்போது அது ரயிலுக்குக் கட்டியது என்று சொல்லுங்கள். டண்ட்ரத்தில் பழைய நிலையக் கட்டடத்தைக் காட்டுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பத்து வயதில் அந்த டீசல் வண்டியில் போனவர். நிலையத்தில் நிற்கும்போது சன்னல் கண்ணாடி கடகடக்குமாம். எண்ணெய் வாடை வருமாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தரையில் வைத்தால் எஞ்சினின் நடுக்கம் முழங்கால்வரை ஏறுமாம். சென்ற மாதம் இருவரும் டிராமில் ஒன்றாக வந்தோம். மில்டவுன் தாண்டியதும் இரு கால்களையும் தரையில் அழுத்திச் சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஒன்றும் ஏறவில்லை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டண்ட்ரத்தில் இறங்கிக்கொண்டார்.