பரதேசி

தமிழ்நாட்டில் ஒருவரைப் பார்த்துப் 'பரதேசி' என்று சொன்னால் அன்றைக்குச் சண்டை நிச்சயம். கொச்சி மட்டாஞ்சேரியில் அதே சொல் ஒரு வழிபாட்டுக் கூடத்தின் பெயர். 1568இல் யூதர்கள் கட்டிய 'பரதேசி சினகாக்' அது. வடக்கே போனால் இந்திப் பாட்டுகளில் வரும் 'பர்தேசி' கண்காணாத ஊருக்குப் போய்விட்ட காதலன். அவனை நினைத்து உருகுவார்களே தவிர யாரும் வையமாட்டார்கள். தமிழில் மட்டும் இந்தச் சொல் ஏன் இவ்வளவு கீழே விழுந்தது?

சொல்லின் பிறப்பில் குற்றம் எதுவும் இல்லை. 'பர' என்றால் பிற, அப்பால் உள்ள. 'தேசம்' என்பது 'சுட்டிக்காட்டு' என்று பொருள்படும் 'திஶ்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. நம் 'திசை'யும் அதே வேரில் முளைத்ததுதான். ஆக, தேசம் என்பதற்கு முதலில் கொடியும் எல்லைக்கோடும் கிடையாது. கைநீட்டிக் காட்டப்படும் ஒரு பக்கம், அவ்வளவுதான். அப்பாலுள்ள பக்கத்திலிருந்து வந்தவன் பரதேசி. பக்கத்து மண்டலத்துக்காரனும் பரதேசிதான், கடல் கடந்து வந்தவனும் பரதேசிதான்.

இடைக்கால வணிகக் கல்வெட்டுகளில் இந்தச் சொல் மிடுக்காகவே நடமாடியது. சுதேசி, பரதேசி, நானாதேசி என்று வணிகர்களை வகைப்படுத்தினார்கள். உள்ளூர் வணிகன், வெளியூர் வணிகன், பல தேசங்களிலும் வணிகம் செய்கிறவன் என்று கணக்கு. இதில் நானாதேசிக்குத்தான் மதிப்பு அதிகம். ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழு தன்னைத் 'திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர்' என்று அழைத்துக்கொண்டது. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் அந்தப் பெயர் இருக்கிறது. பர்மாவின் பாகானில் 13ஆம் நூற்றாண்டில் 'நானாதேசி விண்ணகர்' என்று ஒரு பெருமாள் கோயில் இருந்தது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த, அதாவது இன்றைய கொடுங்கல்லூரைச் சேர்ந்த, ஒருவர் அதற்கு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் கொடுத்ததைத் தமிழில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பௌத்தர்களின் தலைநகரில் பெருமாள் கோயில், அதற்குச் சேரநாட்டான் கொடை, எழுதியது தமிழில். அந்நியமான ஊரில் வாழ்வதை அவமானமாக நினைத்தவர்கள் செய்கிற காரியமாக இது தெரியவில்லை.

ஆனால் தமிழ் இலக்கியத்துக்கு இந்தப் பயணிகள்மேல் அவ்வளவு அக்கறை இருந்ததாகச் சொல்ல முடியாது. வேங்கடத்துக்கு வடக்கே பேச்சு மாறும் நிலத்தை 'மொழிபெயர் தேயம்' என்று சங்கப் பாடல்கள் அழகாகக் குறிக்கின்றன. தலைவன் பொருள் தேட அங்கே போகிறான். வழியின் வெயிலும் வழிப்பறியும் தலைவியின் வளை நெகிழ்வதும் நமக்குத் துல்லியமாகத் தெரியும். அங்கே போய் அவன் என்ன பார்த்தான், யாரோடு சாப்பிட்டான், எந்த மொழியில் விலை பேசினான், திரும்பியபோது அவனிடம் என்ன மாறியிருந்தது? ஒரு பாடலும் வாய் திறப்பதில்லை. அகத்திணையின் இலக்கணம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது குறையாகவே படுகிறது.

பரதேசியின் சரிவு காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட பாதையில் தொடங்கியிருக்க வேண்டும். வணிகப் பரதேசி மூட்டையோடு வந்தான். யாத்திரைப் பரதேசி வெறுங்கையோடு வந்தான். அவனுக்குச் சோறு போடுவது புண்ணியம் என்பதால் மடங்களும் சத்திரங்களும் எழுந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களைப் பற்றிச் சொல்கிறார். சாதி வேறுபாடு இல்லாமல் எல்லா வழிப்போக்கருக்கும் உணவு, நோயாளிக்கு மருத்துவம், கைக்குழந்தைக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பேறுகாலக் கவனிப்பு, வழியில் இறந்தவருக்குச் சடங்கு. ஊர் பேர் தெரியாதவன் என்பதே அங்கே தகுதியாக இருந்தது. பிறகு ரயில் வந்தது. கால்நடையாகக் காசிக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள், சத்திரச் சொத்துகள் கைமாறின. பாதையில் மிஞ்சியது ஓடேந்தியவன் மட்டும். அயலூரான், யாத்திரிகன், துறவி, இரப்பவன் என்று வளர்ந்த பொருளில் கடைசிப் பொருள் முதல் மூன்றையும் தின்றுவிட்டது.

பழைய பொருள் இரண்டு இடங்களில் மட்டும் ஒதுங்கிப் பிழைத்திருக்கிறது. ஒன்று பிராமணக் கல்யாண வீடு. மாப்பிள்ளை குடை, கைத்தடி, விசிறி, புத்தகம், புதுச்செருப்பு சகிதம் காசிக்குக் கிளம்புவதற்குப் 'பரதேசிக் கோலம்' என்று பெயர். தெருமுனை தாண்டுவதற்குள் பெண்ணின் அப்பா எதிரே வந்து, பெண்ணைத் தருகிறேன் என்று சொல்லித் திருப்பி அழைத்துப் போய்விடுவார். படிப்பு முடித்த பிள்ளை உலகம் பார்க்கக் கிளம்புவதும், குடும்பம் அவனை வழிமறிப்பதும் சடங்காகவே ஆகிவிட்ட சமூகம் நம்முடையது. மற்றொன்று தமிழ் விவிலியம். சாராளைப் புதைக்க ஏத்தின் புத்திரரிடம் நிலம் கேட்கிறபோது ஆபிரகாம் தன்னை அந்நியன் என்றும் பரதேசி என்றும் சொல்லிக்கொள்கிறான். அங்கே அது வசையல்ல. விசுவாசிகளின் தகப்பன் கூனிக் குறுகாமல் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்.

இந்த ஏற்ற இறக்கம் நம் மொழிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லத்தீனில் 'பெரெக்ரினுஸ்' என்றால் அயல்நாட்டான். அந்தச் சொல் மேலே ஏறி, ஆங்கிலத்தில் புனித யாத்திரிகனைக் குறிக்கும் 'பில்கிரிம்' ஆனது. ஜெர்மானியருக்கு எதிர்த்திசை வாய்த்தது. 'வேற்றுநிலம்' என்று பொருள்பட்ட பழஞ்சொல் தேய்ந்து 'ஏலெண்ட்' ஆகி, இன்று துயரம், வறுமை என்ற பொருளில் மட்டும் நிற்கிறது. ஜெர்மன்காரரும் நாமும் ஒரே மாதிரி பயந்திருக்கிறோம் போல.

அந்தப் பயம் பொய்யல்ல. பரதேசியாக இருப்பது உண்மையிலேயே கடினம். அது ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி ரஷ்யாவின் த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகிதின். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே தக்காணத்தில் சுற்றித் திரிந்தவர். வோல்கா ஆற்றில் கிளம்பியவரை அஸ்திராகானுக்கு அருகே கொள்ளையடித்தார்கள். சரக்கோடு சமய நூல்களும் போயின. கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பினால் கடன்காரர்கள். அதனால் முன்னே போனார். பாரசீகம் வழியாக ஹோர்முஸ், அங்கிருந்து கப்பலில் ஒரு குதிரையோடு கொங்கணக் கரையின் சௌல் துறைமுகம். குதிரையை விற்றுப் பணம் பண்ணுவது திட்டம்.

அவருடைய குறிப்புகளில் எனக்குப் பிடித்த இடம், ஊரார் தன்னை வேடிக்கை பார்ப்பதை அவர் எழுதுவது. எங்கே போனாலும் பின்னாலேயே கூட்டம் வருகிறது, வெள்ளை மனிதனைப் பார்த்து வியக்கிறது என்கிறார். விசித்திரங்களைப் பார்க்க வந்தவர் தானே விசித்திரமாகிப் போனார். பயணக் கட்டுரை எழுதுகிறவர்களில் பலருக்கு இந்த உண்மை கடைசிவரை உறைப்பதில்லை.

ஜுன்னரில் அதிகாரி குதிரையைப் பறித்துக்கொண்டு, இஸ்லாத்துக்கு மாறினால் குதிரையும் பொன்னும் உண்டு, இல்லையென்றால் குதிரையும் போகும், தண்டமும் கட்ட வேண்டும் என்றார். குராசான்காரர் ஒருவர் பரிந்து பேசி மீட்டுக்கொடுத்தார். அந்நியனுக்குக் கைகொடுத்தவரும் அங்கே ஓர் அந்நியர். பிறகு நிகிதின் தானே 'கோஜா யூசுப் குராசானி' என்ற பெயரில் நடமாடினார். பாமினி சுல்தான்களின் தலைநகரான பீதரில் அவர் பழகிய இந்துக்கள் முதலில் ஒதுங்கியே இருந்தார்கள். நான் முஸ்லிம் அல்ல, கிறித்தவன் என்று அவர் சொன்ன பிறகு, சாப்பாட்டையோ வணிகத்தையோ வழிபாட்டையோ மறைப்பதை விட்டார்கள். சொன்னது பொய்ப்பெயரைக் கழற்றி வைத்த ஓர் உண்மை. கிடைத்தது உள்ளே வர அனுமதி. அவர்களோடு சிவராத்திரிக்குப் 'பர்வதம்' போனார். அது ஸ்ரீசைலம் என்பது அறிஞர்கள் கருத்து. இதுதான் இவர்களுடைய எருசலேம் என்று எழுதினார். அங்கே கண்ட ஒரு சிலை கை உயர்த்தி நிற்பதைக் கான்ஸ்டாண்டிநோபிளில் நின்ற ஜஸ்டினியன் சிலையோடு ஒப்பிட்டார். தெரியாததைத் தெரிந்ததோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது முதல் படி. அந்தப் படியைத் தவிர்த்துவிட்டு அவர் நேரே இகழ்ச்சிக்கோ மயக்கத்துக்கோ போகவில்லை.

நூல்கள் போய்விட்டதால் பண்டிகைக் கணக்கு தவறியது. ஈஸ்டர் எப்போது என்று தெரியாமல் குத்துமதிப்பாக நோன்பு இருந்தார். அந்தத் தவிப்பை அவர் மறைக்கவே இல்லை. மீண்டும் மீண்டும் புலம்புகிறார். தன் மதம் கைநழுவிவிடுமோ என்ற அச்சம் ஒரு பக்கம், மற்றவர்களின் பக்தியும் பக்திதான் என்ற உணர்வு மறுபக்கம். குறிப்புகளின் முடிவில் ஒரு பிரார்த்தனை இருக்கிறது. எழுத்து ரஷ்யம், சொற்கள் அரபியும் துருக்கியுமாக, வழியெல்லாம் காதில் விழுந்து நாவில் ஊறியவை. இதைச் சிலர் மதமாற்றத்தின் அடையாளம் என்று வாதாடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே கடவுளைக் கூப்பிடுவதற்கு அவருக்கு ஒரு மொழி போதாமல் போய்விட்டது. வளர்ச்சி என்று இதைத்தான் சொல்வேன். அதில் வலி கலந்திருப்பதையும் சேர்த்து. திரும்பும் வழியில், ஸ்மலென்ஸ்க் வந்து சேருவதற்கு முன்பே இறந்துபோனார். குறிப்பேடு மட்டும் 1475இல் மாஸ்கோ வந்து, வரலாற்றுக் குறிப்புத் தொகுப்பில் சேர்ந்தது.

இவரைப் பற்றி 1957இல் இந்தியாவும் சோவியத் யூனியனும் சேர்ந்து ஒரு படம் எடுத்தன. க்வாஜா அஹமத் அப்பாஸும் வசீலி ப்ரோனினும் இயக்கினார்கள். நர்கிஸோடு நம் பத்மினியும் நடித்தார். இந்தியில் அந்தப் படத்தின் பெயர் 'பர்தேசி'. தமிழில் அந்தத் தலைப்பைத் துணிந்து வைத்திருக்க முடியுமா? வைத்தார்கள், 2013இல். ஆனால் பாலாவின் 'பரதேசி' உலகம் பார்க்கக் கிளம்பியவர்களின் கதையல்ல. பஞ்சத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்தில் மாட்டிக்கொண்ட கூலிகளின் கதை. மருத்துவர் பி. எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவல்தான் அதற்கு மூலம், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. அந்த நாவலின் மனிதர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைக்குப் போனவர்கள். எந்த நாட்டு எல்லையையும் தாண்டாமலே பரதேசியானவர்கள். விரும்பிப் போகிறவனுக்கும் விரட்டப்பட்டுப் போகிறவனுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது நியாயமில்லைதான். ஆனால் போய்ச் சேர்ந்த ஊரின் கண்ணுக்கு இருவரும் ஒன்றாகவே தெரிகிறார்கள் என்பதை அந்தச் சொல் அறிந்திருக்கிறது.

மட்டாஞ்சேரிக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு கசப்பும் இருக்கிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள் உள்ளிட்ட பலர் கொச்சிக்கு வந்தார்கள். கொச்சி ராஜா தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். ஏற்கெனவே மலபாரில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்களிலிருந்து பிரித்துக் காட்டவே இவர்களுக்குப் 'பரதேசி' என்ற பெயர். அடைக்கலம் தேடி வந்தவர்கள் காலப்போக்கில் வேலி போட்டார்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களைக் கூடத்துக்குள் சமமாக உட்கார விடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் வழக்கறிஞர் ஏ. பி. சேலம் அதை எதிர்த்து அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. யூத காந்தி என்று அவரைச் சொல்வார்கள். பரதேசியாக வாழ்ந்த அனுபவம் அடுத்தவனைப் புரிந்துகொள்ளத் தானாகவே கற்றுத் தராது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

நம்மவர்கள் இப்போது வேறு விதமாகத் தப்பிக்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்கள் தங்களைத் 'தேசி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். பரதேசம் போய்ப் 'பர'வை மட்டும் உதறிவிட்டார்கள். ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா போகிறவர்களுக்கு நிறுவனமே சமையல்காரரையும் சாம்பாரையும் கூட அனுப்புகிறது. வயதானவர்களுக்கு அது தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள்கூடப் பரதேசியாக இருக்க வேண்டாம் என்பதற்குத்தான் அவ்வளவு பணமும் கட்டுகிறோம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார்கூடப் பிற சமயங்களின் வாதமான பரபக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் தன் கொள்கையான சுபக்கத்துக்கு வருகிறது. மறுப்பதற்காகத்தான் என்றாலும், அடுத்தவன் பக்கத்தை முதலில் முழுக்கக் கேட்டாக வேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது.

உண்மையான பரதேசிகள் இன்றைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டடச் சாரங்களிலும் இருக்கிறார்கள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, டீக்கடையில் தமிழ் கற்று, நம் சாப்பாட்டுக்கு நாக்கைப் பழக்கிக்கொண்டவர்கள். அவர்களுக்கு 'வடக்கன்' என்று புதிதாக ஒரு பெயர் வைத்து, பரதேசிக்கு நேர்ந்த கதியை அந்தச் சொல்லுக்கும் செய்துகொண்டிருக்கிறோம். வைவதற்குத் தமிழில் வேறு சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.