ஆஞ்சியோ எடுக்கப் போறீங்களா? கையெழுத்து போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

உள்ளே அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் நடக்கிறது. வெளியே நாற்காலியில் அம்மாவும் மகனும். கதவைத் திறந்து ஒருவர் வருகிறார். "ரெண்டு பிளாக் இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா? கையெழுத்து போடுங்க" என்கிறார். யோசிக்க அஞ்சு நிமிஷம்கூட இல்லை. பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. இதற்கான பேச்சை டாக்டரிடம் சில நாள் முன்பே முடித்துவிட முடியும்.

பரிசோதனைக்கு முன்...

ஆஞ்சியோகிராம் என்பது கை மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, 'டை' எனும் மருந்தை ஏற்றி, இதய ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்ப்பது. அந்த டை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அதனால் முதலில் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், அதை எப்போது நிறுத்தி எப்போது மீண்டும் தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளுக்கும் இதேதான். பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தினார் என்று ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவது ஆபத்து. மாத்திரை பெயர் ஞாபகம் இல்லையா? அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போனாலே போதும்.

'இறால் ஒத்துக்காது, அதனால டை ஏத்தக் கூடாது' என்று பலர் பயப்படுகிறார்கள். கடல் உணவு அலர்ஜிக்கும் டைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. முன்பு சிடி ஸ்கேனில் டை ஏற்றியபோது அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், அதுதான் முக்கியம். அதை மறைக்கக் கூடாது.

மாரடைப்பா, இல்லையா?

மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் யோசிக்க நேரமில்லை. அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். அங்கே உடனடி ஸ்டென்ட் உயிர் காக்கும் சிகிச்சை. 'இன்னொரு டாக்டரைக் கேட்டுட்டு வர்றோம்' என்று கிளம்பக் கூடாது.

நடந்தால் மட்டும் நெஞ்சு இறுக்கம், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது, பல மாதமாக ஒரே மாதிரி இருக்கிறது என்றால் கதை வேறு. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. இப்படி நிலையான இதய நோய் உள்ளவர்களில், மருந்துடன் ஸ்டென்ட் அல்லது பைபாஸையும் சேர்த்து முதலிலேயே செய்தவர்களுக்கும், மருந்தை மட்டும் வைத்துத் தொடங்கியவர்களுக்கும் இடையே மாரடைப்பிலோ மரணத்திலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சுவலி குறைவதில் ஸ்டென்ட், பைபாஸ் பக்கமே நன்மை இருந்தது. ஆனால் இடது பிரதான ரத்தக்குழாயில் முக்கிய அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் பம்பிங் திறன் மிகக் குறைந்தவர்களும் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எல்லோருக்கும் இதைப் பொருத்திப் பார்க்க முடியாது.

எனவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "இது உயிருக்கா, வலிக்கா? மருந்தை மட்டும் வெச்சு பார்த்தா என்ன ஆகும்? எங்களுக்கு பைபாஸ் நல்லதா?" சுகர் இருந்து, மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. அடைப்பு நடுத்தர அளவில் இருந்தால், ரத்த ஓட்டம் உண்மையில் குறைகிறதா என்பதை 'எஃப்எஃப்ஆர்' எனும் அழுத்த அளவீட்டில் பார்க்கலாம். வெறும் சதவீதத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

கையெழுத்து யாருடையது?

பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உயிரைக் காப்பாற்ற உடனடியாகச் செய்தே ஆக வேண்டிய நிலை மட்டும் விதிவிலக்கு. இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரே சம்மதம் வாங்கவும் இடம் உண்டு. அதனால் படிவத்தில் 'தேவைப்பட்டால் ஆஞ்சியோபிளாஸ்டி' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்க. இன்னொரு விஷயம், ஆஞ்சியோவில் பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக ஊசிதான். நோயாளி விழித்துத்தான் இருக்கிறார். மகனிடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும்.

செலவும் ரிப்போர்ட்டும்

ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017இல் உச்சவரம்பு கொண்டு வந்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய், பிறகு அவ்வப்போது மாறி வருகிறது. பில்லில் ஸ்டென்ட் விலையும் பிராண்டு பெயரும் தனியாக இருக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிஷனின்போதே காட்டிவிடுவது நல்லது.

அவசரம் இல்லாத நிலையில் ஆஞ்சியோவோடு நிறுத்தி, சிடியை வாங்கி வேறொரு இதய நிபுணரிடம் காட்டலாம். அதில் டாக்டரை அவமதிப்பது எதுவும் இல்லை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி.

ஸ்டென்ட் வைத்தாச்சு என்றால், ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைப் பல மாதங்கள் விடாமல் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பல் பிடுங்கவோ, வேறு ஆபரேஷனோ வரப்போகிறது என்றால், அதை ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்க.