ஆழம் அறிதலும் இடம் அறிதலும்

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. சாத்தூரிலோ சிவகாசியிலோ பிறந்து வளரும் மாணவன் கடலைக் காண விரும்பினால் வேறு மாவட்டத்திற்குத்தான் செல்ல வேண்டும். ஆயினும் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், இந்நிலை அண்மைக்காலத்தது என்பது விளங்கும். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1910ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டில் அது மூன்றாகப் பிரிக்கப்படும் வரையில், தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் கரிசல் நிலத்து ஊர்களும், பாம்பன், மண்டபம், இராமேசுவரம் ஆகிய கடற்கரை ஊர்களும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே, மீனவன் ஒருவனுடைய சிக்கலைப் பற்றிச் சிவகாசி மாணவரிடம் பேசுவது பொருந்தாத செயல் ஆகாது. பழைய உறவினரைப் பற்றிய பேச்சு அது.

அச்சிக்கல் யாது? கடற்கரை ஊரைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், கடன் பெற்றும் கைப்பொருள் சேர்த்தும் தன் முதற் படகை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். படகும் வலையும் எஞ்சினும் வாங்கியபின் கையில் சிறிதளவு பணமே மிஞ்சுகிறது. கடைக்காரர் அவன் முன் இரண்டு கருவிகளை வைக்கிறார். ஒன்று, கடலின் ஆழத்தையும் இடையில் நீந்தும் மீன் கூட்டத்தையும் திரையில் காட்டும் மீன்காட்டி. மீனவர் இதனை 'எக்கோ' என்றும் சொல்வர். மற்றொன்று, படகு நிற்கும் இடத்தை எண்களில் காட்டும் ஜி.பி.எஸ். எதனை முதலில் வாங்குவது? எவ்வகையை வாங்குவது? பார்வைக்கு இது கடைத்தெருக் கேள்வி. ஆனால் இதன் பின்னே நெடியதொரு வரலாறு இருக்கிறது. அதனை அறிந்தவனுக்கே விடையும் எளிதில் கிட்டும்.

கடலில் செல்வோனை எக்காலத்தும் விடாது தொடர்ந்த கேள்விகள் இரண்டு. எனக்குக் கீழே என்ன இருக்கிறது? நான் எங்கே இருக்கிறேன்? கருவிகள் தோன்றுவதற்கு முன்னும் நம் மீனவர் இவற்றிற்கு விடை கண்டே தொழில் செய்தனர். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டிக் கீழே விட்டு, கைகள் இரண்டையும் அகல விரித்த நீளமாகிய 'பாகம்' என்னும் அளவால் ஆழத்தைக் கணக்கிட்டனர். மன்னார் வளைகுடாவில் கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். முத்துச் சிப்பிகள் படிந்து வளர்ந்த இடங்களும் அவையே. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற கடைசி முத்துக்குளிப்புகள் வரை, அப்பார்களுக்குத் தனித்தனிப் பெயர் வழங்கி வந்தது. கண்ணுக்குத் தெரியாத பாறைக்குப் பெயர் இருந்ததென்றால், அது இருக்குமிடம் மீனவர் மனத்தில் தெளிவாகப் பதிந்திருந்தது என்பதே பொருள்.

அவ்விடத்தை அவர்கள் எவ்வாறு மீண்டும் கண்டறிந்தனர்? கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னே ஓர் உயர்ந்த பனையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி படகைச் செலுத்துவர். வேறொரு திசையில் கலங்கரை விளக்கமும் ஒரு மணல்மேடும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக வருமிடத்தில் படகை நிறுத்துவர். இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில்தான் வெட்டும் என்ற வடிவியல் உண்மையை, அவர்கள் பள்ளியில் பயிலாமலே கையாண்டனர். இவ்வடையாளங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாக வந்த குடும்பச் சொத்து.

கரை மறைந்த பின்னர் விண்மீனே துணை. காங்கிரீவ் என்னும் ஆங்கிலப் படைத்துறையினர் சோழமண்டலக் கடற்கரை மாலுமிகளின் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று 1850ஆம் ஆண்டில் சென்னை ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அவ்வகைக் கருவிகளுள் ஒன்றை ஆய்வாளர் 'இராப்பலகை' என்று குறிப்பர். அது சிறியதொரு பலகை. அதன் நடுவே முடிச்சுகள் இட்ட கயிறு. முடிச்சு ஒன்றைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தால், பலகையின் கீழ் விளிம்பு தொடுவானையும் மேல் விளிம்பு துருவ மீனையும் தொடவேண்டும். அவ்வாறு தொட்டால், அம்முடிச்சுக்கு உரிய துறைமுகத்தின் அகலாங்கில் கலம் இருக்கிறது என்று பொருள். இராமேசுவரத்தில் துருவ மீன் தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 9 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே செல்லச்செல்ல உயரும். இன்றைய ஜி.பி.எஸ். கருவியில் மீனவர் இடங்களைப் பதிந்து வைப்பதற்கும், அன்றைய மாலுமி கயிற்றில் முடிச்சிட்டு வைத்ததற்கும் நோக்கம் ஒன்றே.

இனி, முதற் கேள்விக்குக் கருவி விடை சொல்லத் தொடங்கிய கதையைக் காண்போம். சிவகாசி மாணவருக்கு இது எளிதில் விளங்கும். இரவில் தொலைவிலே ஒரு வாணம் வானில் வெடிப்பதைப் பார்க்கிறீர்கள். ஒளி உடனே கண்ணில் படுகிறது. ஓசை சிறிது தாமதித்துக் காதில் விழுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஆகவே மூன்று நொடி தாமதித்தால் வாணம் வெடித்தது சுமார் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் என்று சொல்லிவிடலாம். 1826ஆம் ஆண்டில் ஜெனீவா ஏரியில் கொலாடோன், ஸ்டூர்ம் என்னும் இருவர் இதே முறையைக் கையாண்டனர். ஒரு படகில் நீருக்கடியில் மணியை அடிக்கும் அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தப்பட்டது. தொலைவில் மற்றொரு படகில் இருந்தவர் அவ்வொளியைக் கண்டதற்கும், நீர்வழியே மணியோசையைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1435 மீட்டர் என்று தெரிந்தது. கடல்நீரில் அது சுமார் 1500 மீட்டர். நீரின் ஆழத்தை ஓசையால் அளக்கும் கலைக்கு, உங்கள் ஊர்த் தொழிலின் மூலப்பொருளும் இவ்வாறு துணை செய்திருக்கிறது.

1912ஆம் ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியது. பனிமலையை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்ற வினா அறிஞர் பலரைத் தூண்டியது. ஜெர்மானியரான அலெக்சாண்டர் பேம் எதிரொலி முறையை ஆராய்ந்து 1913இல் காப்புரிமை பெற்றார். பனிமலையைவிடக் கடலடியை அறியவே அம்முறை நன்கு பயன்பட்டது. 1914இல் பெசண்டன் என்பார் அமெரிக்கக் கலம் ஒன்றிலிருந்து ஒலியை அனுப்பிப் பனிமலையின் எதிரொலியைப் பெற்றுக் காட்டினார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பொருட்டு, பிரெஞ்சு அறிஞர் லாஞ்செவின் படிகக் கல்லைக் கொண்டு செவிக்கு எட்டாத நுண்ணொலியை உண்டாக்கினார். இரண்டாம் போர் முடிந்தபின், 1948ஆம் ஆண்டில், ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் ஆழமானியை மீன் தேடும் கருவியாக மாற்றி மீனவர் கையில் கொடுத்தனர். பனிமலைக்கு அஞ்சித் தேடிய வழி, போருக்குச் சென்று, இறுதியில் மீனவனை வந்தடைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1947இல், நம் நாட்டின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றியது என்பதும், பின்னர் 1971 வரை மண்டபமே அதன் தலைமையிடமாக இருந்தது என்பதும் நினைக்கத்தக்கவை.

இக்கருவி படகின் அடியிலிருந்து ஓசைத் துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் எதிரொலி திரும்பினால், ஓசை போய்வந்த தூரம் 30 மீட்டர். ஆழம் 15 மீட்டர். மீனின் உடலிலுள்ள காற்றுப்பையே ஓசையை நன்கு எதிரொலிக்கும். காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் திரையில் மங்கலாகவே தெரியும். கடலடி மணலை ஒட்டிக் கிடக்கும் இறாலை அது பிரித்துக் காட்டுவதும் அரிது. மேலும், ஓசைக் கற்றையின் விரிவு 20 பாகை என்று கொண்டால், 15 மீட்டர் ஆழத்தில் அது காணும் வட்டத்தின் அகலம் சுமார் 5 மீட்டரே. படகுக்கு நேர் கீழே உள்ளதைத்தான் அது சொல்லும். பக்கத்தில் உள்ளதை அன்று.

இரண்டாம் கேள்விக்கு விடை விண்ணிலிருந்து வந்தது. 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியபோது, அதன் ஒலிக்குறிப்பைக் கேட்ட அமெரிக்க அறிஞர், அதைக்கொண்டே அதன் பாதையைக் கணித்தனர். துணைக்கோளின் இடத்தை நிலத்திலிருந்து அறியலாம் என்றால், துணைக்கோளைக் கொண்டு நிலத்தில் நம் இடத்தையும் அறியலாம் அன்றோ? இக்கருத்து வளர்ந்து, 1978இல் ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் துணைக்கோள் ஏறியது. 1983இல் வழி தவறிச் சென்ற கொரியப் பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபின், இவ்வமைப்பு பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது. பொதுமக்கள் பெறும் குறிப்பில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. 2013 முதல் இந்தியா தன் சொந்தத் துணைக்கோள்களை ஏவியது. 2016இல் அவ்வமைப்பிற்கு 'நாவிக்' என்று பெயர் சூட்டப்பட்டது. இதன் கணக்கும் வாணவெடியின் கணக்கே: குறிப்பு வந்துசேர எடுத்த நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம். வேகம் மட்டும் ஒளியின் வேகம். ஆதலால் கடிகாரம் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் பிழைத்துவிடும்.

இவ்வளவும் அறிந்தபின் நம் இளைஞனிடம் திரும்புவோம். அவன் முதலில் வாங்கத்தக்கது இடம் காட்டும் கருவியே. மீன் இன்று கிடைக்காவிடில் நாளை கிடைக்கும். கரைக்குத் திரும்பும் வழி தவறினால் நாளை என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும். அக்கருவி, வந்த தடத்தைக் காட்டுவதாகவும், குறித்த கோட்டை நெருங்கும்போது ஒலி எழுப்புவதாகவும், வெயிலில் படிக்கக்கூடிய திரையும் நீர் புகாத உறையும் உடையதாகவும் இருத்தல் நன்று. பின்னர் மீன்காட்டி வாங்குங்கால், தன் கடலைக் கருதி வாங்க வேண்டும். பாக்கு நீரிணையின் வளைகுடா பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. அங்கே 200 கிலோஹெர்ட்சு அதிர்வுடைய கருவி நுட்பமாகக் காட்டும். மன்னார் வளைகுடாவின் ஆழ்பகுதிக்குச் செல்வோனுக்கு 50 கிலோஹெர்ட்சு வேண்டும். அது ஆழமாகச் செல்லும், ஆனால் நுட்பம் குறையும். விலை மிகுந்தது எல்லாக் கடலுக்கும் ஏற்றது என்று எண்ணுவது பிழை. ஓசை அனுப்பும் உறுப்பைச் சுழலியின் நுரை படாத இடத்தில் பொருத்தாவிடில், உயர்ந்த கருவியும் நுரையையே மீனாகக் காட்டும்.

இடமறிதலில் உயிர்ப்பொருளான செய்தி ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைகள், அகலாங்கு நெட்டாங்குப் புள்ளிகளை இணைத்துக் கடலில் எல்லைக்கோடு வகுத்தன. கச்சத்தீவு அக்கோட்டுக்கு அப்பால் அமைந்தது. நிலத்து எல்லைக்குக் கல் உண்டு, வேலி உண்டு. நீரின்மேல் வகுத்த கோட்டைக் கோபுரமும் பனையும் காட்டமாட்டா. ஒரு தலைமுறை மீனவர், தம் கண்ணால் காண இயலாத கோட்டுக்கு அருகில் தொழில் செய்தனர். இன்று கருவி அக்கோட்டைக் காட்டுகிறது. ஆயினும் படகுகள் பிடிபடுவதும் மீனவர் சிறைப்படுவதும் ஓயவில்லை. ஏனெனில், சிலர் வழி தவறியும் சிலர் மீனைத் தொடர்ந்தும் செல்கின்றனர். கோட்டுக்கு அப்பால் இருப்பவரும் தமிழ் மீனவரே. இழுவை வலையால் தம் வலைகள் அறுபடுவதாக அவர்கள் முறையிடுகின்றனர். 2017இல் இலங்கை அடிமட்ட இழுவை வலையைச் சட்டத்தால் தடைசெய்தது. கோட்டைக் காட்டுதல் கருவியின் வேலை. அங்கே திரும்புதல் மனிதனின் வேலை.

அதே 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஓகி புயல் மூன்றாவது கேள்வி ஒன்றை எழுப்பியது. குமரி மாவட்ட மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். தாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவியால் அறிந்தவர்க்கும், புயல் வருகிறது என்ற செய்தி எட்டவில்லை. கைபேசி அலை அத்துணைத் தொலைவு செல்லாது. 2019இல், துணைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளையும் மீனவருக்கு அறிவிக்கும் 'ஜெமினி' என்னும் கருவி வெளியிடப்பட்டது. நான் எங்கே என்று அறிவது மட்டும் போதாது. கரையின் குரல் என்னை எட்டுகிறதா என்பதையும் கேட்டே இன்று படகு வாங்க வேண்டும்.

எந்தக் கருவியும் மின்கலம் தீர்ந்தால் வெறும் பெட்டி. ஆகவே திசைகாட்டி ஒன்றும், முக்கியமான இடங்களின் எண்களை எழுதிவைத்த ஏடு ஒன்றும் படகில் இருத்தல் வேண்டும். மூத்தவர் சொல்லும் கரை அடையாளங்களையும், காற்றின் பெயரையும், நீரின் நிறத்தையும் கற்றுக்கொள்வதற்கு விலை ஏதும் இல்லை. கயிற்றில் முடிச்சிட்டவன் அம்முடிச்சின் பொருளை அறிந்திருந்தான். அதனால்தான் அக்கயிறு அவனைக் கரை சேர்த்தது. திரையில் தோன்றும் எண்ணின் பொருளை அறிந்து அதனைக் கையாள்பவனையே இன்றைய கருவியும் கரை சேர்க்கும்.