ஜப்பானியரின் பேஸ்பால் வருஷம்

ஒரு விளையாட்டு ஊதியம் தரும் தொழிலாக மாறியபின், மாணவர்களும் தொழிலாளர்களும் ஆசைக்காக ஆடும் ஆட்டங்கள் அதன் நிழலில் ஒதுங்கிவிடுவதே உலக வழக்கம். ஜப்பானிய பேஸ்பால் இவ்வழக்கத்துக்கு விலக்கு. மார்ச் மாதக் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம் வரையில் நீளும் தொழில்முறைப் பருவத்தின் நட்டநடுவே, ஆகஸ்டு மாதத்துக் கொடும் வெயிலில், ஹான்ஷின் டைகர்ஸ் என்னும் பெருங்கழகம் தன் சொந்த மைதானமாகிய கோஷியெனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, வெளியூர்களில் ஆடித் திரிகிறது. பெரியவர்கள் சிறுவர்களுக்குக் காட்டும் பெருந்தன்மை என்று இதனைக் கொள்வாரும் உளர். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தாலோ, இந்த ஆட்டத்தில் மூத்த உரிமை மாணவர்களுடையதே என்பது தெற்றென விளங்கும்.

1872ஆம் ஆண்டில், டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹோரேஸ் வில்சன் என்னும் அமெரிக்க உபாத்தியாயர், பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்த ஒரு பள்ளியின் மாணவர்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்து ஆடக் கற்பித்தார். 1896ஆம் ஆண்டு மே மாதத்தில், தலைநகரின் முதலாம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், யோகஹாமா துறைமுகத்தில் வாழ்ந்த வெள்ளையரின் கழகத்தை 29க்கு 4 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். மேனாட்டார் தன்மீது சுமத்திய சமத்துவமற்ற உடன்படிக்கைகளை நீக்கிக்கொள்ள ஜப்பான் அரும்பாடுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆதலின் அந்த ஜயம் ஒரு பள்ளியின் ஜயமாக நின்றுவிடாமல், தேசத்தின் கௌரவத்தை நிலைநாட்டிய வைபவமாகவே கொண்டாடப்பட்டது. அன்றுமுதல் பேஸ்பால் அந்நியரின் கேளிக்கை என்ற பெயர் நீங்கி, மனத்தையும் உடலையும் பண்படுத்தும் ஒரு சாதனையாக மதிக்கப்படலாயிற்று.

பள்ளிகளைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்கள் வந்தன. வாசேதாவும் கெய்யோவும் 1903இல் முதன்முதலாக மோதின. 1906இல் முதல் ஆட்டத்தில் வென்ற கெய்யோ மாணவர்கள், வாசேதாவை நிறுவிய ஒகுமா பிரபுவின் இல்லத்தின் முன்னே சென்று ஜயகோஷம் எழுப்ப, அடுத்த ஆட்டத்தில் வென்ற வாசேதா மாணவர்கள் அதற்குப் பதிலாகக் கெய்யோவின் வாயிலில் நின்று முழங்க, மூன்றாம் ஆட்டம் நடந்தால் கலகம் மூளும் என்றஞ்சிய நிர்வாகிகள் அதனை நிறுத்திவிட்டார்கள். நின்றுபோன அந்தப் போட்டி மீண்டும் கூடுவதற்கு 1925ஆம் ஆண்டு வரையில், ஏறக்குறைய பத்தொன்பது வருஷங்கள் சென்றன. அவ்வாண்டில்தான் டோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்களின் சங்கமும் முழுவடிவம் பெற்றது. வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் மெய்ஜி ஜிங்கு மைதானத்தில் அவை ஆடிவருகின்றன. ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரமும் வாசேதா - கெய்யோ ஆட்டத்துக்கென்றே ஒதுக்கப்படுகிறது. அம்மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்ட தொழில்முறைக் கழகம் ஒன்று உண்டென்றாலும், அங்கே பகற்பொழுது மாணவர்களுக்கே உரியது. மற்றவர்கள் இரவு விளக்கொளிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

மாணவர் உலகில் இந்த மோகம் பெருகியபோது எதிர்ப்பும் எழுந்தது. 1911இல் டோக்கியோ அசாஹி பத்திரிகை, பேஸ்பாலினால் விளையும் தீமைகளைக் குறித்துத் தொடர் கட்டுரைகளை வெளியிட்டது. அறிஞர் நிதோபே இனாசோ, எதிரியை ஏமாற்றித் தளங்களைத் திருடச் சொல்லித்தரும் இவ்வாட்டம் முடிச்சவிழ்ப்போரின் வித்தையே என்று சாடினார். ஆயினும் நான்கே வருஷங்களில் காற்று திசைமாறியது. 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அதே அசாஹி ஸ்தாபனத்தின் ஒசாகாப் பத்திரிகை, டோயோநாகாவில் ஒரு மின்சார ரயில் கம்பெனிக்குச் சொந்தமான மைதானத்தில், தேசிய நடுநிலைப் பள்ளிகளின் போட்டியைத் தானே முன்னின்று நடத்தியது. 73 பள்ளிகள் தகுதியாட்டங்களில் கலந்துகொள்ள, 10 பள்ளிகள் இறுதிக் களத்துக்கு வந்தன. பதின்மூன்று இன்னிங்ஸ் நீண்ட கடைசி ஆட்டத்தில் கியோட்டோ இரண்டாம் நடுநிலைப் பள்ளி வென்றது. பத்திரிகைக்குச் சந்தாதாரர்களும் ரயிலுக்குப் பிரயாணிகளும் வேண்டியிருந்தார்கள். இருவரையும் ஒருங்கே திரட்டித்தரும் வல்லமை அந்தச் சிறுவர்களுக்கு இருந்தது.

கூட்டம் பெருகப் பெருக இடம் போதாமற்போகவே, ஹான்ஷின் மின்சார ரயில் கம்பெனி 1924ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியன்று கோஷியென் மைதானத்தைத் திறந்தது. நம்முடைய பிரபவாதி வருஷங்களைப் போலவே கிழக்காசியாவிலும் அறுபதாண்டுச் சக்கரம் ஒன்று உண்டு. அச்சக்கரத்தின் முதலாண்டில் எழுந்தமையால் அவ்வாண்டின் பெயரையே மைதானத்துக்கும் சூட்டினார்கள். சைரன் ஒலிக்க, இரு அணிகளும் எதிரெதிராக வரிசையில் நின்று தலைவணங்கி ஆட்டத்தைத் தொடங்குவதும், முடிவில் மீண்டும் வணங்கிப் பிரிவதும், வென்ற பள்ளியின் கீதம் மைதானம் முழுவதும் ஒலிப்பதும் இங்கே மாறாத சம்பிரதாயங்கள். 1933இல் சூக்கியோ, ஆகாஷி என்னும் இரு பள்ளிகள் 25 இன்னிங்ஸ் ஆடி, ஒரேயொரு ஓட்டத்தால் முடிவு கண்டன.

தோற்ற அணியின் பிள்ளைகள் கண்ணீரோடு குனிந்து, அந்த மைதானத்தின் கருமண்ணை இரு கைகளாலும் வாரிப் பையில் நிரப்பிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். 1958இல், அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த ஓகினாவாத் தீவிலிருந்து முதன்முறையாக வந்த ஷூரி பள்ளி மாணவர்களும் அவ்வாறே மண்ணெடுத்துச் சென்றார்கள். ஆனால் ஓகினாவா அன்று சட்டத்தின் கண்ணில் வேற்றுநாடு. ஆதலின் வெளிநாட்டு மண்ணை அனுமதிக்கலாகாது என்ற தாவரப் பாதுகாப்பு விதிப்படி, கரையிறங்குமுன்னே அம்மண் கடலில் கொட்டப்பட்டது. இச்செய்தியை அறிந்து மனமிளகிய விமானப் பணிப்பெண் ஒருவர், கற்களுக்கு அவ்விதியில் தடையில்லை என்பதைக் கண்டு, கோஷியென் மைதானத்துக் கூழாங்கற்களைத் திரட்டி அப்பள்ளிக்கு அனுப்பி வைத்தார்.

பள்ளியை விட்டவர்களுக்குத் தொழிற்சாலைகள் இடம் தந்தன. 1927இல் தொடங்கிய நகரங்களுக்கிடையிலான போட்டியில், எஃகு ஆலைகளும் ரயில் கம்பெனிகளும் தத்தம் ஊரின் பெயரால் அணிகளை அனுப்புகின்றன. கறுப்புச் சிங்கக் கொடியே அதன் பரிசு. முதலாண்டில் அக்கொடியை வென்றது மஞ்சூரியாவின் டாலியன் நகரத்து அணி. ஜப்பானியச் சாம்ராஜ்யம் எவ்வளவு தூரம் கைநீட்டியிருந்தது என்பதற்கு அவ்வெற்றியே சாட்சி.

தொழில்முறை ஆட்டம் நிலையாக வேரூன்றியது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். யோமியூரி பத்திரிகையின் அதிபர் ஷோரிகி மாட்சுதாரோ 1934இல் பேப் ரூத் முதலிய அமெரிக்க வீரர்களை வரவழைத்தார். மாணவர்கள் தொழில்முறை ஆட்டக்காரரோடு ஆடுவதைத் தடுத்துக் கல்வி அமைச்சு 1932இல் ஆணை பிறப்பித்திருந்தமையால், சவாமுரா எய்ஜி என்னும் 17 வயது இளைஞர் பள்ளியைத் துறந்தே அவர்களை எதிர்க்க வந்தார். நவம்பர் 20ஆம் தேதி ஷிசுவோகாவில், ரூத், லூ கெரிக் உள்ளிட்ட நால்வரை அடுத்தடுத்து வெளியேற்றிய அவர், கெரிக் அடித்த ஒரேயொரு ஹோம் ரன்னால் தோற்றார். அத்தோல்வியே அவரைத் தேசம் போற்றும் வீரராக்கிற்று. அவ்வாண்டின் முடிவில் ஷோரிகி தம் கழகத்தை நிறுவ, 1936இல் ஏழு கழகங்கள் கூடித் தொழில்முறைச் சங்கம் பிறந்தது. சவாமுராவோ 1944 டிசம்பரில், அவர் சென்ற படைக்கப்பல் மூழ்கடிக்கப்பட்டதில் மாண்டார். சிறந்த பந்தெறிவோருக்கு இன்றும் அவர் பெயராலேயே விருது வழங்கப்படுகிறது.

போருக்குப் பின் 1950இல் சங்கம் இரண்டாகப் பிரிந்து, 1958முதல் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு கழகங்கள் நிலைபெற்றன. அன்று பெரும்பாலானவை பத்திரிகை, ரயில், சினிமாக் கம்பெனிகளின் உடைமைகளாக இருந்தன. அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமாவின் கழகத்துக்கு மட்டும் அத்தகைய செல்வர் துணை இல்லை. 1951இல் பணமின்றித் தத்தளித்தபோது மைதான வாயிலில் மதுப்பீப்பாய்களை வைத்துப் பொதுமக்களிடம் காசு திரட்டியே அது உயிர்தரித்தது. அக்கழகம் தன் முதற் பட்டத்தை வெல்ல 1975 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று பிப்ரவரி முதல் தேதியன்று ஓகினாவாவிலும் மியாசாகியிலும் பயிற்சி முகாம்களோடு வருஷம் பிறக்கிறது. மார்ச்சில் பள்ளிகளின் வசந்தப் போட்டி, கோடையில் தொழிற்சாலைகளின் போட்டி, ஆகஸ்டில் கோஷியென், இலையுதிர் காலத்தில் இரு சங்கங்களின் ஜயவீரர்கள் மோதும் ஜப்பான் தொடர் என்று அது நடைபோடுகிறது. பள்ளி, பல்கலைக்கழகம், தொழிற்சாலை ஆகிய மூவிடத்து இளைஞர்களையும் கழகங்கள் தேர்ந்துகொள்ளும் நாளும் அக்டோபரில் வருகிறது. அவ்வொழுங்கு எளிதில் வந்ததன்று: 1961இல் ஒரு கழகம் பருவத்தின் தொடக்கத்திலேயே கம்பெனி அணியின் ஆட்டக்காரர் ஒருவரை இழுத்துக்கொண்டபோது, கம்பெனி அணிகளின் சங்கம் தொழில்முறையாரோடு உறவையே அறுத்துக்கொண்டது, முதல் தேர்வு நாள் 1965இல்தான் வந்தது.

மாணவர் ஆட்டத்துக்கு இவ்வளவு மதிப்பளித்த தேசம், அம்மாணவரின் உடலுக்கு உரிய மதிப்பை வெகுகாலம் அளிக்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். நாள்தோறும் ஒரே சிறுவன் தோள் ஓயப் பந்தெறிவதை வீரமென்று புகழ்ந்த தலைமுறைகள் பல. ஒரு வாரத்தில் ஒருவர் 500 பந்துகளுக்குமேல் எறியலாகாது என்ற விதி 2020இல்தான் வந்தது. காலங்கடந்து வந்ததேயாயினும், அந்நாட்டு பேஸ்பால் தன் மூத்த பிள்ளைகளுக்குச் செய்த மிகப் பெரிய மரியாதை அதுவே.