ஸ்திரிக்கைப்பெட்டியால் செய்யும் மின்சுற்றுப் பலகை

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி எமக்குத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் வன்னியில் வாழ்கிறது. பழுதான ஒரு ரேடியோவின் பாகங்கள் இன்னொரு ரேடியோவுக்கு உயிர் கொடுத்த காலம் அது.

இன்று பாகங்களை வாங்கலாம். அவற்றைப் பொருத்தும் அச்சிட்ட சுற்றுப் பலகையையும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் செய்விக்கலாம். ஆனால் ஒரேயொரு பலகைக்கு அந்தச் செலவும் காத்திருப்பும் ஒரு மாணவருக்குச் சுமை. அதை வீட்டிலேயே செய்யும் வழி உண்டு.

இப்பலகையின் முன்னோடியான போல் ஐஸ்லரும் ஊரை விட்டு வந்தவர்தான். ஒஸ்திரிய யூதரான அவர் 1936இல் இங்கிலாந்துக்கு வந்து, இலண்டன் வாடகை அறையொன்றில் அச்சிட்ட சுற்றுள்ள வானொலியை உருவாக்கினார்.

லேசர் பிரின்டரின் டோனர் மை அல்ல, பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டும். செம்பை அரிக்கும் கரைசல் அதைத் தொடாது. இதுவே இம்முறையின் அடிப்படை.

முதலில் சுற்றின் படத்தைப் பளபளப்பான தாளில் லேசர் பிரின்டரால் அச்சிட வேண்டும். தாளில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக இருந்தால்தான் செம்பில் நேராக விழும். இங்க்ஜெட் பிரின்டர் உதவாது. கோடுகள் அரை மில்லிமீற்றருக்குக் குறையாதிருப்பது நல்லது.

செம்புப் பலகையை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, அசிற்றோனால் துடைக்க வேண்டும். விரல் பட்ட எண்ணெய் இருந்தாலும் டோனர் ஒட்டாது. அச்சிட்ட பக்கம் செம்பில் படும்படி தாளை வைத்து, நீராவி இல்லாமல், முழுச் சூட்டில் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்துங்கள். ஆறியதும் நீரில் ஊறவைத்துத் தாளை மெல்ல உரித்தெடுங்கள். விடுபட்ட கோடுகளை அழியாத மார்க்கர் பேனையால் நிரப்பலாம்.

அடுத்து, பெரிக் குளோரைட்டு. பிளாஸ்டிக் பாத்திரத்தில் நீரை எடுத்து, அதற்குள் தூளைச் சிறிது சிறிதாக இடவேண்டும்; தூளின்மேல் நீரை ஊற்றக்கூடாது, சூடு கிளம்பும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பலகையை இட்டு அசைத்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் வேண்டாத செம்பு கரைந்துவிடும். கழுவி, டோனரை அசிற்றோனால் நீக்கி, ஒரு மில்லிமீற்றர் அளவில் துளையிட்டால் பாகங்களை ஈயம்கொண்டு பற்றவைக்கலாம். சூரியப் படலத்தில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு, தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் ஒலிக்கும் மணி போன்ற 12 வோல்ற் சுற்றுகளுக்கு இது போதும். 230 வோல்ற் வீட்டு மின்சாரத்தைத் தொடும் சுற்றுகளை இதில் பழக வேண்டாம்.

மிஞ்சும் கரைசலை எங்கே ஊற்றுவது? எமது வீடுகளில் கிணற்றடியும் கழுவுமிடமும் ஒன்றுதான். அக்கரைசலில் செம்பு கரைந்திருக்கிறது; சிறிதளவும் மீனுக்கும் பயிருக்கும் நஞ்சு. ஆகவே அதை மூடிப் பலமுறை பயன்படுத்துங்கள். வலுவிழந்ததும் பெரிய பாத்திரத்தில் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நுரைப்பது நின்றபின் அடியில் தங்கும் மண்டியை வடித்து, உலர்த்தி, போத்தலில் அடைத்து வையுங்கள். தெளிந்த நீரையும் கிணற்றுக்கும் குளத்துக்கும் அருகே ஊற்ற வேண்டாம்.

பலகை பிழைத்தால் இன்னொன்று செய்யலாம். கிணறு அப்படியல்ல.