உப்பு உரைக்கும் செய்தி

நாம் நாள்தோறும் உணவில் இடும் உப்பு, மூளைக் கட்டியைப் பற்றி மருத்துவருக்குச் செய்தி கூற வல்லது என்றால் மாணவ நேயர்கள் வியப்படையக்கூடும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உப்பில் அடங்கிய சோடியத்தை 1807-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஹம்ப்ரி டேவி தனியே பிரித்தெடுத்தார். உடலில் அது இயங்கும் முறை தெளிவாவதற்கோ நெடுங்காலம் ஆயிற்று. 1957-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கூ, நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து, உயிரணுவின் சவ்விலே ஓயாது உழைக்கும் ஒரு நொதியைக் கண்டார். தோணிக்குள் புகும் நீரை ஓடக்காரன் இறைப்பது போல, அது உள்ளே புகும் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஆதலின் உயிரணுவுக்குள் சோடியத்தின் செறிவு, வெளியே உள்ளதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. உயிரணு மாண்டால் இறைப்பு நிற்கும். சோடியம் உள்ளே பெருகும்.

உடலைக் கீறாமல் இதனைக் காண்பது எங்ஙனம்? காந்தப் புலத்தில் வைத்த அணுக்கருக்கள் வானொலி அலைகளுக்கு விடையளிப்பதை 1946-இல் அமெரிக்காவில் பிளாக்கும் பர்செலும் தனித்தனியே காட்டினர். 1973-இல் லாட்டர்பர் அவ்விடையைக் கொண்டு படம் அமைத்தார். இன்றைய எம்.ஆர்.ஐ. படங்கள் பெரும்பாலும் நீரில் உள்ள ஹைட்ரஜன் தரும் விடையால் ஆனவை. சோடியத்தின் குரல் அதனினும் பல்லாயிரம் மடங்கு மெலிந்தது. ஆயினும் 1980-களில் அதனைக் கொண்டும் மூளையைப் படம்பிடித்தனர். மூளைக் கட்டிகளில் சோடியம் மிகுந்திருப்பதை 2003-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினர்.

இதனால் விளையும் பயன் யாது? கொடிய மூளைக் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் ஆறு வாரம் நடைபெறும். கட்டி சுருங்கியதா என்றறியப் பின்னும் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். சிகிச்சையால் தோன்றும் வீக்கமே, கட்டி வளர்ந்தது போல மயக்குவதும் உண்டு. பயன் தராத சிகிச்சையில் கழிந்த நாட்களை நோயாளி மீண்டும் பெற இயலுமா? கட்டியின் உருவம் மாறும் முன்பே, மடியும் உயிரணுக்களைச் சோடியம் காட்டிக்கொடுக்கும் என்பதே ஆய்வாளர்களின் நம்பிக்கை.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சோடியம் மிகுதல் நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். சிகிச்சை பலித்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு படம் போதாது. ஒரே நோயாளிக்குச் சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டே முடிவு காண வேண்டும். இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

ஸ்கூ மூளைக் கட்டிக்கு மருத்துவம் தேடியவர் அல்லர். மரத்துப்போகச் செய்யும் மருந்துகளின் இயல்பை அறியவே நண்டின் நரம்பை நாடினார். உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சியை வீண் என்று தள்ளலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நான் அறியேன்.